படலை திறந்தால் மட்டும் போதுமா?

எங்கள் மாணவி ஒருத்தி தரம் 8இல் படித்தபோது இல்ல மெய்வல்லுநர் போட்டியில் அஞ்சலோட்டத்தின் கடைசிச் சுற்றை ஓடினாள். இரண்டாவதாக வந்தவள் அவளுக்குப் பத்து அடி பின்னால் நின்றாள். தரம் 10இற்கு வந்தபோது அதே பிள்ளை மைதான ஓரத்தில் குந்தியிருந்து மற்றவர்களின் சப்பாத்துகளுக்கும் புத்தகப் பைகளுக்கும் காவல் இருந்தாள்.

"ஏன் மகள் இப்ப ஓடுறதில்லை?" என்று கேட்டேன்.

"எங்க டீச்சர் ஓடுறது?" என்றாள்.

நான் ஏன் என்று கேட்டதற்கு அவள் எங்கே என்று பதில் சொன்னாள். விளையாட்டுப் பொறுப்பாசிரியையாக நான் பல ஆண்டுகளாகத் தவறான கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது. அந்த 'எங்கே' என்ற கேள்விக்கு விடை தேடியபோது படித்தவற்றையும் யோசித்தவற்றையும் மாணவிகளுடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. ஒரு பல்கலைக்கழகம் தன் மைதானத்தையும் விளையாட்டு வசதிகளையும் அயலில் வாழும் மக்களோடு பகிர்ந்துகொள்வது என்றால் என்ன? அது எங்கே நன்றாக நடந்தது, எங்கே பிழைத்தது? நாம் எதைக் கேட்க வேண்டும்?

எவ்வளவு நிலம் வேண்டும்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். முறையான 400 மீற்றர் ஓடுபாதை எட்டுச் சுவடுகளுடன் அமைய வேண்டுமானால் ஏறத்தாழ 177 மீற்றர் நீளமும் 92.5 மீற்றர் அகலமும் வேண்டும். அது நான்கு ஏக்கருக்குச் சற்று அதிகம். எங்கள் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 65 பரப்பு. இரண்டு பரப்புக் காணிக்குள் வீடும் கிணறும் மதிலும் கட்டி வாழும் நகரப் பகுதியில் 65 பரப்பை ஒரு பாடசாலை எங்கே தேடுவது?

எல்லா விளையாட்டுக்கும் இவ்வளவு இடம் தேவையில்லை. வலைப்பந்தாட்டத் திடலின் அளவு 30.5 மீற்றருக்கு 15.25 மீற்றர், அது இரண்டு பரப்புக்குள் அடங்கிவிடும். ஆனால் நிலத்தைவிட உபகரணம் கூடுதலாகச் செலவு வைக்கும் விளையாட்டுகளும் உண்டு. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலிருந்து வந்த அனிதா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தவர். அந்த விளையாட்டுக்கு வளையும் கோலும், விழுந்தால் தாங்கும் பெரிய தடித்த மெத்தையும் வேண்டும். இவற்றை எல்லாப் பாடசாலைகளும் தனித்தனியே வாங்கிவைப்பது நடக்கக்கூடிய காரியமன்று. ஓரிடத்தில் இருப்பதைப் பல பாடசாலைகள் முறைவைத்துப் பாவித்தால்தான் இன்னொரு அனிதா உருவாக முடியும்.

இது வெறும் பதக்கக் கதையும் அன்று. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை உழைக்க வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் 85 வீதமானோருக்கு அந்த அளவு கிடைப்பதில்லை. ஆண் பிள்ளைகளில் இது 78 வீதம். இரு பாலாரிடமும் குறை இருக்கிறது. பெண் பிள்ளைகளிடம் அது கூடுதலாக இருக்கிறது.

அயலில் ஒரு வளாகம்

ஐந்துசந்தியிலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் கால் மணித்தியாலத்தில் திருநெல்வேலி பரமேஸ்வராச் சந்தியை அடைந்துவிடலாம். அங்கேதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வரலாற்றை நினைத்துப் பார்த்தால், அது தொடக்கத்திலேயே பகிர்தலால் உருவான நிறுவனம் என்பது தெரியும். 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில், 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. விஞ்ஞான பீடம் முதலில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் கட்டடங்களில் இயங்கியது. பேராசிரியர் க. கைலாசபதி வளாகத்தின் முதல் தலைவராக இருந்தார். 1979 ஜனவரி 1ஆம் திகதி அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதாவது, இரண்டு பாடசாலைகள் இடம் தந்ததால் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது.

இன்னுமொன்று: நமது நாட்டில் அரச பல்கலைக்கழகங்கள் பொதுப்பணத்தில் நடக்கின்றன. 1945இல் இலவசக் கல்வி வந்த நாளிலிருந்து, கடையில் ஒரு பெட்டி தீப்பெட்டி வாங்குபவரும் வரியாகத் தன் பங்கைச் செலுத்துகிறார். ஆகவே அங்குள்ள மைதானத்தில் முதல் உரிமை அங்கு படிக்கும் மாணவருக்கு. அவர்கள் பாவிக்காத நேரத்தைப் பற்றி அயலவர் மரியாதையோடு கேட்பதில் தவறில்லை.

பகிர்தல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதும் அன்று. அறுவடை முடிந்த வயலில் கிளித்தட்டு விளையாட, காணிக்காரரிடம் யாரும் உறுதி கேட்டதில்லை. ஊருக்கு ஊர் சனசமூக நிலையமும் வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்தே வளர்ந்தன. பாடசாலை விட்ட பிறகு அதன் முற்றத்தில் ஊர் இளைஞர்கள் கரப்பந்து வலை கட்டுவது இன்றும் காணும் காட்சிதான். ஆனால் இந்தப் பழக்கத்தில் ஒரு குறை இருக்கிறது. எழுதப்படாத பகிர்தலில் முதலில் வருபவரும் பலமாகச் சத்தம் போடுபவரும்தான் இடம் பிடிக்கிறார்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பதினான்கு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு பொது மைதானத்துக்குப் போனேன். படலை திறந்தே இருந்தது. பொறுப்பாளர், "வாங்கோ டீச்சர், இது எல்லாருக்கும் பொதுதானே" என்று அன்பாக வரவேற்றார். உள்ளே மூன்று கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. யாரும் விலகவும் இல்லை. வேலி ஓரமாக ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு, மஃரிபுக்கு முன் வீட்டுக்குத் திரும்பினோம். அடுத்த கிழமை நான்கு பிள்ளைகள்தான் வந்தார்கள். திறந்த படலை மட்டும் பெண் பிள்ளைகளுக்கு இடம் தந்துவிடாது என்பதை அன்று படித்துக்கொண்டேன்.

ஸ்காபரோவில் நடந்தது

கனடாவின் ஸ்காபரோ என்ற பெயரைக் கேள்விப்படாத யாழ்ப்பாண வீடு இல்லை. எத்தனையோ பேரின் அண்ணாவோ மாமியோ அங்கே இருக்கிறார்கள். அந்த ஸ்காபரோவில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று உண்டு. அங்கே பல்கலைக்கழகமும் மாநகரமும் கூட்டு உரிமையாளராக நின்று ஒரு பெரிய விளையாட்டு மையத்தைக் கட்டின. 2014இல் அது திறக்கப்பட்டது. 2015இல் ரொறன்ரோவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டு விழாவின் நீச்சல் போட்டிகள் அங்கேதான் நடந்தன. 50 மீற்றர் நீச்சல் தடாகங்கள் இரண்டு, உள்ளக ஓடுபாதை, பந்தாட்டக் களங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. முன்பு குப்பை கொட்டப்பட்ட நிலத்தைச் சுத்தமாக்கி அதன்மேல் எழுப்பியது அந்தக் கட்டடம்.

என்னைக் கவர்ந்தது கட்டடத்தின் அளவன்று. 2010இல் அவ்வளாக மாணவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. அயலவரோடு பகிரப்போகும் ஒரு மையத்துக்காக நீங்கள் கட்டணம் செலுத்தத் தயாரா என்பது கேள்வி. மாணவர்கள் ஆம் என்று வாக்களித்தார்கள். பல ஆண்டுகளாகச் சேரும் அந்தக் கட்டணத்தின் மொத்தம் மூன்று கோடி கனடா டொலர். வாக்களித்தவர்களில் பலர் கட்டடம் திறக்குமுன்பே பட்டம் பெற்றுப் போயிருப்பார்கள். தாங்கள் நீந்தப் போகாத தடாகத்துக்கு அவர்கள் பணம் ஒப்புக்கொண்டார்கள்.

இங்கே பகிர்தல் யாருடைய தாராள மனத்தையும் நம்பி நிற்கவில்லை. உரிமை யாருக்கு, பராமரிப்பு யார் பொறுப்பு, எந்த நேரம் பல்கலைக்கழக மாணவருக்கு, எந்த நேரம் ஊரவருக்கு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் அடங்கும் விடயங்கள். பொறுப்பதிகாரி மாறினாலும் ஒப்பந்தம் மாறாது. அன்பாக வரவேற்ற அந்தப் பொறுப்பாளரின் மைதானத்தில் இல்லாதது இதுதான்.

இரண்டு வாசல் வைத்த கதை

பகிர்தல் பிழைத்துப்போன கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நியூயோர்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகம் ஒரு மேட்டில் இருக்கிறது. பள்ளத்தில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெம். இரண்டுக்கும் நடுவே மோர்னிங்சைட் என்ற பொதுப் பூங்கா. 1960களில் அந்தப் பூங்கா நிலத்தில் ஓர் உடற்பயிற்சி மண்டபம் கட்டப் பல்கலைக்கழகம் திட்டமிட்டது. ஊரவருக்கும் இடம் உண்டு என்றது. ஆனால் பெரும்பகுதி பல்கலைக்கழகத்துக்கு. ஊரவருக்குக் கீழ்த்தளத்தில் சிறு பகுதி. மாணவர்கள் மேட்டுப் பக்க வாசலால் நுழைவார்கள். ஹார்லெம் மக்கள் பள்ளத்துப் பக்க வாசலால் நுழைய வேண்டும்.

பூங்காவோ பொதுச்சொத்து. அதில் கட்டிய மண்டபத்துக்குள் ஊரவர் கீழ்வாசலால் போவதா என்று மக்கள் கொதித்தார்கள். 1968 ஏப்ரலில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. வியட்நாம் போருக்கு எதிரான கோபமும் அதோடு சேர்ந்துகொண்டது. மாணவர்கள் கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. அத்திவாரத்துக்காகத் தோண்டிய கிடங்கு பிற்காலத்தில் குளமாகவும் செயற்கை அருவியாகவும் மாற்றப்பட்டு இன்றும் அந்தப் பூங்காவில் இருக்கிறது.

ஊரவருக்கு ஒன்றும் தரவில்லை என்று கொலம்பியாவைச் சொல்ல முடியாது. தந்த விதம்தான் அவர்களைச் சுட்டது. விருந்துக்கு அழைத்துவிட்டுக் குசினிப் பக்கம் இலை போட்டால் எவருக்கும் சாப்பாடு இறங்காது.

பெண்களுக்கென ஒரு நேரம்

நமது பிள்ளைகளுக்கு இடத்தோடு நேரமும் வேண்டும். உடையைப் பற்றிய தடை உலக அளவில் பெரிதும் நீங்கிவிட்டது. 2011இல் ஈரான் பெண்கள் உதைபந்தாட்ட அணி தலையை மூடியிருந்ததற்காக ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்தில் விளையாட முடியாமல் போனது. 2014இல் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் தலைமறைப்பை அனுமதித்தது. 2017இல் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமும் அனுமதித்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாப் அணிந்தே வாள்வீச்சில் அமெரிக்க அணிக்கு வெண்கலம் வென்று கொடுத்தார். உடைக்கு வழி பிறந்துவிட்டது. மிச்சமிருப்பது பிள்ளை கூச்சமின்றிப் பயிற்சி செய்யும் ஒரு மணித்தியாலம்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 2008இல் முஸ்லிம் மாணவிகள் இதைத்தான் கேட்டார்கள். பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சிக்கூடங்களில் ஒன்றில் வாரத்துக்கு ஆறு மணித்தியாலங்கள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டன. எதிர்ப்பும் எழுந்தது, பத்திரிகைகளில் வாதம் நடந்தது. ஆறு மணித்தியாலம் என்பது ஒரு கிழமையின் 168 மணித்தியாலங்களில் எவ்வளவு சிறிய பங்கு என்பதைப் பிள்ளைகளே வகுத்துப் பாருங்கள்.

இஸ்லாம் பாடத்தில் நாம் படித்த ஒரு ஹதீஸும் நினைவுக்கு வருகிறது. பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி வைத்தார்கள். ஆயிஷா (ரழி) முந்தினார்கள். பிறிதொரு பயணத்தில் நபியவர்கள் முந்தி, அதற்கு இது ஈடு என்று சிரித்தார்கள். அந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி உண்டு: உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டே அந்த ஓட்டம் நடந்தது. ஓடுவதற்கான இடமும் தனிமையும் முதலில் ஒழுங்கு செய்யப்பட்டன.

மறுபக்கத்தின் நியாயம்

பல்கலைக்கழகம் ஒன்று தயங்குவதற்கும் காரணங்கள் இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டுக் கேட்பது அழகன்று.

முதலாவது, நிலத்தின் களைப்பு. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி மழை பெய்யும் காலத்தில் ஈர மண்ணில் நூறு கால்கள் ஓடினால், தை மாதத்தில் மைதானம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். மைதானத்துக்கும் ஓய்வு வேண்டும். இரண்டாவது, விபத்து. ஒரு பிள்ளை விழுந்து கை முறிந்தால் யார் பொறுப்பு? மூன்றாவது, காவலும் துப்புரவும். படலையைத் திறந்து பூட்டுபவருக்கும் மலசலகூடத்தைக் கழுவுபவருக்கும் மேலதிக வேலை. அதற்குக் கொடுப்பனவு வேண்டும். நான்காவது, சமத்துவம். ஒரு பாடசாலைக்குக் கொடுத்தால் மற்றப் பாடசாலைகளும் கேட்கும்.

இவை நான்குக்கும் எழுத்திலான ஒழுங்கு விடை தரும். மழைக்காலத்தில் வருவதில்லை என்று நாமே எழுதிக்கொடுக்கலாம். முதலுதவிப் பெட்டியோடு பொறுப்பாசிரியை வருவார், பெற்றோரின் சம்மதக் கடிதம் இருக்கும் என்று உறுதி தரலாம். துப்புரவுக்குச் சிறு கட்டணம் செலுத்தலாம்; போகும்போது குப்பையை நாமே பொறுக்கிக்கொண்டு போகலாம். எமக்கு மட்டும் என்று கேளாமல், அயலிலுள்ள எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் என்று பல பாடசாலைகள் சேர்ந்து கேட்கலாம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே அஞ்சலோட்டக் கோலைக் கைமாற்றிப் பழகினால், அதைவிடப் பெரிய பயன் எந்த மைதானத்திலிருந்தும் கிடைக்கப் போவதில்லை.

இதை நான் இலகுவாக எழுதவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்தில் ஒன்றுகூடச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. மைதானத்துக்குப் போகிறோம் என்றதும் விளையாடத்தான் என்று நினைத்து, என் கயிறடிக்கும் கயிற்றை உம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனேன். சில மணித்தியாலங்களுக்குள் ஊரைவிட்டு அனுப்பப்பட்டோம். அந்தக் கயிறு புத்தளத்தில் தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் துணி காயப்போடப் பயன்பட்டது. ஊர் திரும்பிய பிறகு ஒரு மைதானத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நாள்தான். என் மாணவிகளுக்கு மைதானம் என்றால் வேறொன்று நினைவுக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

நாம் கேட்க வேண்டியது

"கேட்டாலும் தரமாட்டார்கள்" என்று ஆசிரியர் அறையில் பலமுறை பேசியிருக்கிறோம். பழைய கோவைகளைப் புரட்டிப் பார்த்தேன். நாம் ஒருமுறையேனும் எழுத்தில் கேட்டதற்கான பிரதி ஒன்றும் இல்லை. கேளாத ஒன்றைத் தரவில்லை என்று குறை சொல்லி வந்திருக்கிறோம்.

ஆகவே ஒரு கடிதம் தயாராகியிருக்கிறது. அதில் கேட்பவை சிறியவை. சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம், தை முதல் ஆவணி வரை. அந்த நேரம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற அறிவித்தல் பலகை. இயலுமானால் பல்கலைக்கழக விளையாட்டு வீராங்கனை ஒருவரின் வழிகாட்டல். பல்கலைக்கழக மாணவர் நுழையும் அதே படலையால் நாங்களும் நுழைவது. பரீட்சைக் காலத்திலும் பல்கலைக்கழகப் போட்டி நாட்களிலும் கேள்வியின்றி விட்டுக்கொடுப்போம் என்ற உறுதியும் அதில் உண்டு.

சென்ற பெற்றோர் கூட்டத்தில் இதை வாசித்தபோது ஒரு தாய் எழுந்து சொன்னார்: "டீச்சர், ஓடக் கூடாதெண்டு நாங்க ஒருநாளும் சொல்லல்ல. ஆர் கூட நிக்கிறது, எத்தன மணிக்கு வீட்ட வருவா, அதச் சொல்லுங்க. காணும்." அவருடைய இரண்டு கேள்விகளையும் அன்றிரவே கடிதத்தில் சேர்த்தேன். பொறுப்பாசிரியையுடன் ஒவ்வொரு கிழமையும் இரண்டு தாய்மார் முறைவைத்து நிற்பார்கள். காலை பத்து மணிக்குள் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.

எந்தப் பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. மறுத்தாலும் அது எழுத்தில் வரும். அடுத்த ஆண்டு அதிலிருந்து தொடங்கலாம். கடிதத்தின் கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். அலுவலகத்தில் இருக்கிறது. பிள்ளையை ஏற்ற வரும்போது ஒரு நிமிடம் உள்ளே வந்து ஒப்பமிட்டுப் போங்கள்.

முதல் ஒப்பம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. சப்பாத்துகளுக்குக் காவல் இருந்த அந்தப் பிள்ளையின் உம்மாதான் போட்டார்.